அலமாரிப் பலகையில் ரயில்: வாங்கியவர்களும் ஏமாந்தவர்களும்

சென்ற மாதம் ஒரு பதிலில், சின்ன வீட்டில் மாடல் ரயில் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஷண்டிங் லேஅவுட்தான் பொருத்தம் என்று எழுதியிருந்தேன். வட்டமாகச் சுற்றி ஓடும் ரயில் இல்லை அது. சுவரோரம் ஒரு பலகை, மூன்று நான்கு லைன், ஒரு சின்ன எஞ்சின், கொஞ்சம் வேகன்கள். நகரத்துக் கிடங்குகளுக்கு நடுவே வேகன்களைப் பிரித்து, இழுத்து, தள்ளி, போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி, பணத்தைத் தொலைத்தவர்களுடையவை. அதனால் இந்த வாரம் வேறு எதையும் எடுக்கவில்லை.

கே: செந்தூலில் அடுக்குமாடி வீடு. நாலடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரு பலகை போட இடம் இருக்கிறது. எச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) ஷண்டிங் லேஅவுட் வராது என்கிறார் நண்பர். தாராளமாக வரும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி? – நா.ச., செந்தூல்

ப: எந்த வேகனை வாங்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைக்காரர் அதைக் கேட்டாரா?

இந்த அளவுக்கு எல்லோரும் கைவைக்கும் வரைபடம், ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய ‘இங்கிள்நூக்’. மூன்று லைன்கள், இரண்டே பாயிண்ட் (ரயிலை ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குத் திருப்பிவிடும் பகுதி). ஒரு லைனில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இவை போக, எஞ்சினும் மூன்று வேகனும் நிற்கிற அளவுக்கு முன்பக்கம் ஒரு லைன். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்து வேகன்களை எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே அவற்றைக் கோக்க வேண்டும். 8×7×6×5×4 என்று பெருக்கிப் பாருங்கள், 6,720 விதமான வரிசைகள். வருடக்கணக்கில் சலிக்காது.

இனி டேப்பை எடுங்கள். 40 அடி நீளமுள்ள அமெரிக்கப் பெட்டி வேகன் எச்ஓவில், அதாவது 1:87 அளவில், 14 செ.மீ. கப்ளிங்கோடு, அதாவது வேகன்களைக் கோக்கும் கொக்கியோடு, 15 வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வேகனுக்கு 75 செ.மீ., எஞ்சினுக்கும் மூன்று வேகனுக்கும் ஏறக்குறைய 60, நடுவில் இரண்டு பாயிண்ட். 1.7 மீட்டருக்குக் குறைந்து முடியாது. உங்களிடம் இருப்பதோ 1.22 மீட்டர். அதே வேகன் ‘என்’ (N) என்கிற 1:160 அளவில் கப்ளிங்கோடு எட்டரை செ.மீ.தான். எல்லாம் சேர்ந்து 1.05 மீட்டருக்குள் அடங்கிவிடும். எச்ஓ தண்டவாளத்திலேயே ஓடும் பிரிட்டிஷ் ஓஓ அளவில், குட்டையான நாலு சக்கர வேகன்களை எடுத்தாலும் நெருக்கிப்பிடித்து வந்துவிடும். ஆக, நீள வேகன் என்றால் உங்கள் நண்பர் சொன்னது சரி. காசு கொடுக்குமுன் முழு அளவில் காகிதத்தில் வரைந்து பலகைமேல் ஒட்டிப் பாருங்கள்.

கே: நாலடி லேஅவுட், ஒரே எஞ்சின். டிசிசி (ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை) அவசியமா? – ர., கிள்ளான்

ப: வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல பாயிண்ட் வாங்குங்கள்.

கே: ஜப்பானிலிருந்து ஒரு கன்ட்ரோலர் வரவழைத்தேன். பிளக் வேறு மாதிரி இருந்ததால் ஹார்ட்வேர் கடையில் அடாப்டர் வாங்கிச் செருகினேன். இரண்டே நிமிடத்தில் புகை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். எங்கே புகார் செய்வது? – கு.வே., பிரிக்பீல்ட்ஸ்

ப: எங்கேயும் செய்ய முடியாது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230, 240. பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. கன்ட்ரோலரின் அடித்தகட்டில் 100 வோல்ட் என்று எழுதியே இருக்கும். படிக்காமல் செருகியிருக்கிறீர்கள். விற்றவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

எரிந்ததைத் திறந்து ஒட்டுப்போட்டு மறுபடியும் பயன்படுத்தாதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். நம் ஊர் மின்சாரத்துக்கான, சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள பவர் அடாப்டரோடு வருகிற கன்ட்ரோலரை வாங்குங்கள்.

கே: என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, இணையத்தில் ஒரு கடையில் செகண்ட்ஹேண்ட் ஷண்டிங் எஞ்சின் 420 வெள்ளிக்கு வாங்கினேன். எச்ஓ அளவு. ‘டெஸ்ட் செய்தது, நன்றாக ஓடும்’ என்று போட்டிருந்தார்கள். கன்ட்ரோலரின் குமிழைப் பாதிக்குமேல் திருப்பினால்தான் நகர்கிறது, நகர்ந்தால் பாய்கிறது. பாயிண்ட்டில் ஏறினால் நின்றுவிடுகிறது. கேட்டால், ‘டெஸ்ட் செய்த பொருள், ரீஃபண்ட் கிடையாது’ என்கிறார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அதைத் துடைத்து வைக்கிறார். – த.பா., பட்டர்வொர்த்

ப: அம்மா, உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. எழுதியிருந்ததை நம்பி வாங்கினீர்கள். நம்பும்படி எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

‘டெஸ்ட் செய்தது’ என்ற இந்த வார்த்தையைப் பற்றி எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. பழைய எஞ்சின் விற்கிறவர்களில் பலர், இரண்டு கம்பியை வைத்து மோட்டார் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு அந்த வார்த்தையைப் போட்டுவிடுகிறார்கள். நான் ஒரு கடையில் நேரிலேயே ஏமாந்தேன். வட்ட லைனில் முழு வேகத்தில் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினார்கள், அழகாக ஓடியது. வீட்டில் என் பலகைமேல் வைத்தால் தவளை மாதிரி குதித்தது. வேகமாக ஓடும்போது எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். அழுக்குச் சக்கரம், விரிசல் விட்ட பல்சக்கரம், தேய்ந்த பிரஷ் எதுவும் தெரியாது, எஞ்சினின் வேகமே அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஷண்டிங் எஞ்சினுக்கு வேகம் எதற்கு? அதன் பிழைப்பே ஊர்வதில்தான் இருக்கிறது. ஒரு வேகனை இன்னொரு வேகனோடு, இடிக்காமல், தொட்டுக் கோக்க வேண்டும்.

ஆகவே, ஷண்டிங் எஞ்சின் வாங்குகிறவர்கள் எல்லோரும் இந்தச் சோதனையைக் கேளுங்கள். மனிதன் நடக்கிற வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால், எச்ஓ எஞ்சின் ஓரடி தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 19 விநாடி எடுக்க வேண்டும். ‘என்’ (N) அளவு எஞ்சினுக்கு 35 விநாடி. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓரடி ஸ்கேலை வைத்து, ஓடுகிற கடிகாரமும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும். நடுவில் நிறுத்தி, விரலால் தள்ளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். ஒரு பாயிண்ட் மேலும் ஊர்ந்து காட்ட வேண்டும். அப்புறம் எஞ்சினைக் கவிழ்த்துச் சக்கரத்தின் படம். இதற்கு விற்பவருக்குப் பத்து நிமிடம் ஆகும். 420 வெள்ளி வாங்குகிறவர் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்க மாட்டேன் என்றால், அவரிடம் வாங்காதீர்கள்.

இனி உங்கள் வழக்கு. நீங்கள் வாங்கியது கடையில், வியாபாரமாக நடத்துகிறவரிடம். அதனால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். பொருள், சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் அந்த உரிமை போய்விடாது, சட்டமே அப்படிச் சொல்கிறது. விளம்பரத்தின் படம், உரையாடல், ரசீது, எஞ்சின் பாய்கிற வீடியோ எல்லாவற்றையும் இன்றே எடுத்துவையுங்கள். கடைக்கு எழுத்தில் ஒரு கெடு கொடுங்கள். கடை இறங்கிவரவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். இணையத்திலேயே பதியலாம். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், தீவில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, போய்ப் பேசுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: எஞ்சினை வேறு யாரிடமும் கொடுத்துப் பிரிக்க விடாதீர்கள். பிரித்தபின், ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்று கடை திருப்பிவிடும்.

(கடை இல்லாமல், வீட்டில் இருந்ததை விற்கும் தனிநபரிடம் வாங்கியவர்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் உதவாது. அவர்களுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழிதான். தனிநபரிடம் வாங்கும்போது வீடியோவை இன்னும் கறாராகக் கேளுங்கள்.)

கே: மலிவாகக் கிடைத்தது என்று ஆறு பாயிண்ட் மொத்தமாக வாங்கினேன். புது எஞ்சின், நாலு சக்கரம். ஒவ்வொரு பாயிண்ட்டிலும் நின்றுபோகிறது. எஞ்சினை மாற்றித் தரக் கேட்கலாமா? – ஜெ., சுபாங் ஜெயா

ப: எஞ்சின் நல்லதாகத்தான் இருக்கும். பாயிண்ட்டில் இரண்டு தண்டவாளம் வெட்டிக்கொள்ளும் முனையைப் பாருங்கள், அதை ஃப்ராக் என்பார்கள். உங்களுடையதில் அது பிளாஸ்டிக்காக இருக்கும். அங்கே மின்சாரம் இல்லை. நீள எஞ்சினுக்கு எட்டுச் சக்கரம், ஒன்று விட்டால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நாலு சக்கரக் குட்டை எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. மெதுவாகப் போனால் அங்கேயே நிற்கும்.

எனக்கும் இதே கதிதான். ஒவ்வொன்றிலும் சில வெள்ளி மிச்சம் என்று எட்டு பிளாஸ்டிக் ஃப்ராக் பாயிண்ட் வாங்கி, பசை ஊற்றி, ஜல்லி ஒட்டி, சாலையெல்லாம் போட்டு முடித்தபின் எட்டையும் பெயர்த்து எடுத்தேன். பாயிண்ட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுத்தேன், நாலு மாத வேலையும் போனது. அந்த வருத்தத்தில் சொல்கிறேன், இருப்பதை ஒட்டுவதற்குமுன் மாற்றிவிடுங்கள். ஃப்ராக்குக்கு மின்சாரம் கொடுக்கக்கூடிய பாயிண்ட் கேளுங்கள். பெக்கோ என்ற தண்டவாளக் கம்பெனியில் எலெக்ட்ரோஃப்ராக், யூனிஃப்ராக் என்று வரும். பாயிண்ட் திரும்பும்போது ஃப்ராக்கின் மின்சாரமும் மாற ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும், கடினம் இல்லை. ஷண்டிங் லேஅவுட்டில் முதல் செலவு பாயிண்ட்டுக்கு, இரண்டாவது எஞ்சினுக்கு. மற்றதெல்லாம் காத்திருக்கலாம்.

கே: வெளிநாட்டிலிருந்து 180 வெள்ளிக்கு வேகன் வாங்கினேன். பணம் கட்டும்போது பத்து சதவீதம் கூடுதலாகப் பிடித்தார்கள். மோசடியா? – அ., பூச்சோங்

ப: இல்லை. 500 வெள்ளிக்குள் இருக்கும் இறக்குமதிப் பொருளை இணையத்தில் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரி. 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது.

கே: ஹார்ட்வேர் கடையில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வாங்கினேன். ‘ஈரம் தாங்கும்’ என்று வாயால் சொன்னார். மழைக்காலம் முடிவதற்குள் ஓரமெல்லாம் உப்பி, லைன் மேடு பள்ளமாகிவிட்டது. இரண்டு வருட உழைப்பு. – சி.மா., ஆயர் ஈத்தாம்

ப: படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. ரசீதில் ‘ஈரம் தாங்கும்’ என்று எழுதியிருந்தால் கட்டாயம் கேளுங்கள். எழுதவில்லை என்றாலும் போய்க் கேளுங்கள். ஆனால் ஆதாரம் மெலிவு, கிடைத்தால் பலகையின் விலைதான் கிடைக்கும். எம்டிஎஃப், வெட்டிய ஓரம் வழியாகத்தான் தண்ணீரைக் குடிக்கும். நம் ஊர்க் காற்றே போதும் அதற்கு. அடுத்த முறை 12 மி.மீ. பிளைவுட், லைன் போடுமுன் மேல், கீழ், நாலு ஓரம், துளைகள் எல்லாவற்றிலும் வார்னிஷ். இப்போது, பாயிண்ட்களைச் சூடான நீரால் பசையை ஊறவைத்துப் பொறுமையாக எடுங்கள். வெள்ளைப் பசையாக இருந்தால் முழுசாகவே வந்துவிடும். கட்டடங்களும் பிழைக்கும்.

கே: தண்டவாளத்தை மணல் தாளால் தேய்க்கலாமா? – பெயர் இல்லை

ப: கூடாது. கீறலில் கறுப்பு இன்னும் சீக்கிரம் சேரும். பருத்தித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்.

கே: கேடிஎம் (மலாயா ரயில்வே) எஞ்சின் மாடல் செய்து தருவதாகச் சமூக வலைத்தளத்தில் ஒருவர் சொன்னார். 600 வெள்ளி பேங்க்-இன் செய்தேன். மூன்று மாதம் பதில் இல்லை. ‘மீதி 400 போட்டால் உடனே அனுப்புகிறேன்’ என்றார், போட்டேன். எட்டு மாதம் ஆகிறது. – ஹ., ராவாங்

ப: முதல் 600க்கு உங்களுக்காக வருத்தப்படுகிறேன். மூன்று மாதம் வாய் திறக்காதவருக்கு 400 போட்டது சரியே இல்லை. போலீஸில் புகார் செய்யுங்கள், அந்தப் புகாரோடு உங்கள் வங்கிக்குப் போங்கள். மற்றவர்கள் கேளுங்கள்: பணம் போடுமுன் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தேடிப் பாருங்கள். ஏமாந்தது உடனே தெரிந்துவிட்டால் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கே: பட்டர்வொர்த் துறைமுகம் மாதிரி எச்ஓவில் செய்ய ஆசை. கேடிஎம் லைன் அகலம் எச்ஓ தண்டவாளத்தில் தப்பாகத் தெரியும் என்கிறார்கள். 12 மி.மீ. தண்டவாளம் வாங்கட்டுமா? – மு.இ., ஜார்ஜ் டவுன்

ப: அவர்கள் சொல்வது உண்மை. கேடிஎம் அகலம் ஒரு மீட்டர், 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மி.மீ. எச்ஓ தண்டவாளம் 16.5. ஆனால் 12 மி.மீ.இல் பாயிண்ட் வகைகள் குறைவு, விலை கூடுதல். முதல் லேஅவுட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். துறைமுகம்தானே, தண்டவாளத்தின் தலை மட்டும் தெரிகிற மாதிரி சாலையில் புதைத்துவிடுங்கள். தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள் மறைந்துவிட்டால் அகல வித்தியாசம் கண்ணை அவ்வளவு உறுத்தாது.

பின்சுவருக்கு உங்கள் ஊரிலேயே நல்ல கட்டடம் இருக்கிறது. 1907இல் கட்டிய மணிக்கூண்டு ரயில்வே கட்டடம். அங்கே டிக்கெட் எடுத்து, ஃபெர்ரியில் அக்கரை போய் ரயில் ஏறினார்கள். மலாயா ரயில்வேயின் லைன் தீவுக்குள் வந்ததேயில்லை. உங்கள் பலகையில் அதை வரவழைத்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், கட்டாயம் பார்க்க வேண்டும்.

கே: மூன்று கம்பெனி வேகன்கள். ஒன்றோடொன்று கோக்கவில்லை. – வி., செராஸ்

ப: முதல் வேகன் வாங்குமுன் கப்ளிங் எது என்று முடிவு செய்திருக்க வேண்டும். எச்ஓ என்றால் எல்லாவற்றையும் கேடீ (Kadee) கம்பெனியின் கப்ளிங்குக்கு மாற்றுங்கள், ஒரே நாளில் மாற்றிவிடாமல் இரண்டு இரண்டாக. கழற்றுவதற்கு விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டாம், சத்தே குச்சியின் நுனியைச் சீவி நடுவில் விட்டுத் திருப்பினால் போதும்.