ஃபுல் ஃப்ரேம் வாங்கலாமா, லென்ஸ் வாங்கலாமா? – கேள்வி-பதில்

கேள்வி: ஏழு வருஷமாக நிகான் டி5600 வைத்திருக்கிறேன். கூடவே 18-55, 70-300 என்று இரண்டு லென்ஸ். சித்திரைத் திருவிழாவில், எதிர்சேவை (கள்ளழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு வரவேற்பது) இரவில் எடுக்கும் படங்கள் எல்லாம் புள்ளி புள்ளியாக வருகின்றன. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு, கூடக் கூடப் புள்ளியும் கூடும்) 6400-க்குக் கீழே இறங்கவே முடியவில்லை. ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபுல் ஃப்ரேமுக்கு, அதாவது பெரிய சென்ஸார் கேமராவுக்கு, மாறினால் இது சரியாகுமா? பழைய லென்ஸ்கள் அதில் ஓடுமா? – மதுரை வாசகர்

பதில்: ஓரளவுக்குச் சரியாகும். ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்று படங்களின் விவரத்தைப் பார்த்தேன். மூன்றுமே 55 மி.மீ.-யில், எஃப் 5.6-ல் எடுத்தவை (எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸ் அதிகமாகத் திறக்கும்). அந்த லென்ஸ் அந்த முனையில் அதற்கு மேல் திறக்காது. இருட்டில் கேமராவுக்குள் வெளிச்சம் போகிற வாசல் அவ்வளவு சின்னதாக இருந்தால், உள்ளே எந்த சென்ஸார் இருந்தாலும் திணறத்தான் செய்யும்.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேம் சென்ஸார் 36-க்கு 24 மி.மீ. உங்களுடையது ஏறத்தாழ 23.5-க்கு 15.6. பரப்பளவில் சுமார் 2.35 மடங்கு வித்தியாசம், அதாவது ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). எஃப் 5.6-லேயே ஃபுல் ஃப்ரேமில் எடுத்தால், 6400-ல் வரும் புள்ளிகள் இப்போது உங்களுக்கு 2500, 3200-ல் வருகிற அளவுக்குக் குறையும். நல்ல முன்னேற்றம்தான். இப்போது பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றாமல், அதே டி5600-ல் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். 5.6-லிருந்து 1.8-க்கு வரும்போது வெளிச்சம் ஒன்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. அதே ஷட்டர் ஸ்பீடில் ஐஎஸ்ஓ 6400 இருந்த இடத்தில் 640 வைத்தால் போதும். பாடி மாற்றிக் கிடைப்பதைவிடப் பல மடங்கு லாபம், அதுவும் செலவில் சிறு பங்கில்.

நான் சொல்வது ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. எஃப் 1.8ஜி என்கிற லென்ஸ். பெயரில் ஏஎஃப்-எஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏஎஃப்-டி என்று இருந்தால் வேண்டாம். அந்தப் பழைய வகையில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, டி5600 பாடியிலும் கிடையாது. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். 50 எஃப் 1.8ஜி-யில் இன்னொரு வசதியும் உண்டு. அது ஃபுல் ஃப்ரேமுக்கென்றே செய்த லென்ஸ். நாளைக்கு நீங்கள் மாறினாலும் கூடவே வரும்.

ஒரு எச்சரிக்கை. எஃப் 1.8-ல் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு. தீவட்டி வெளிச்சத்தில் பக்கத்தில் நிற்கிற பெரியவர் முகத்தை எடுத்தால், ஒரு கண் பளிச்சென்றும் காது மங்கலாகவும் வரும். முகத்துக்கு 2.2, இரண்டு மூன்று பேர் என்றால் 2.8 வைத்துப் பழகுங்கள். அப்போதும் 5.6-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம் கையில் இருக்கும்.

சரி, பழைய லென்ஸ்கள் ஓடுமா? ஓடும், ஆனால் பாதி பலனோடு. நீங்கள் வைத்திருப்பவை டிஎக்ஸ் வகை, சின்ன சென்ஸாருக்குச் செய்தவை. நிகான் ஃபுல் ஃப்ரேமில் மாட்டினால் கேமரா தானாகவே சென்ஸாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 10 மெகாபிக்சல் படம் கிடைக்கும். உங்கள் டி5600 இப்போதே 24 தருகிறது. அதாவது ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டி வாங்கிய கேமராவில், பழைய லென்ஸோடு, இருப்பதைவிடச் சின்னப் படம் எடுப்பீர்கள். மாறுவதென்றால் லென்ஸையும் சேர்த்துத்தான் மாற வேண்டும். ஒன்றரை லட்சத்தையும் பாடியிலேயே போட்டுவிட்டால் அதற்கு வழியிருக்காது.

கேமராவோடு சேர்த்தே விற்கும் கிட் லென்ஸ் விஷயத்திலும் இதே சிக்கல்தான். ஃபுல் ஃப்ரேம் கேமராவான நிகான் இசட்5-ஓடு வந்த சின்ன ஜூம் 24-50 எஃப் 4-6.3. கேனான் ஆர்8-க்குக் கொடுப்பது 24-50 எஃப் 4.5-6.3. சின்னதாக, எடை குறைவாக, பகலில் அழகாக வேலை செய்யும். ராத்திரித் திருவிழாவுக்கு அவை வேண்டாம். சென்ஸாரில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை லென்ஸே விழுங்கிவிடும்.

என் யோசனை இதுதான். இப்போது 50 எஃப் 1.8ஜி மட்டும் வாங்குங்கள். மீதிப் பணம் அப்படியே இருக்கட்டும். அடுத்த சித்திரை வரை அதில் எடுத்துப் பாருங்கள். அதற்கப்புறமும் வெளிச்சம் போதவில்லை, அல்லது ஃபோகஸ் பிடிப்பதற்குள் கள்ளழகர் கடந்து போய்விடுகிறார் என்றால் அப்போது பாடி மாற்றுவதில் அர்த்தம் உண்டு. நிகானின் ஃபுல் ஃப்ரேம் கேமராவான டி750, நல்ல நிலையில் உள்ளதாக, செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம். 2014-ல் வந்தது என்றாலும் அதன் சென்ஸார் இன்றைக்கும் இருட்டில் அருமையாகத் தாங்கும். ஒன்றே ஒன்று: சில டி750-களில் ஷட்டர் கோளாறு இருந்தது, நிகானே இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. சீரியல் எண்ணைக் கேட்டு வாங்கி நிகான் தளத்தில் போட்டுப் பாருங்கள். மிரர்லெஸ்தான் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புது வகை) வேண்டும் என்றால் இசட்5 அல்லது இசட்6 II, கூடவே பழைய நிகான் லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர். உங்கள் 50 எஃப் 1.8ஜி அதில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் 85 மி.மீ. லென்ஸ் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? எங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு. – தூத்துக்குடி வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்கு அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நானும் ஒரு 85 தான் கடையில் வாங்கினேன். டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கண்ணாடி பளபளவென்று இருந்தது. இரவு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்பக்கம் சாய்வாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே விளிம்பை ஒட்டி, சிலந்தி நூலைக் கிளை கிளையாகப் பிரித்துப் போட்டதுபோல் ஒரு வெள்ளைக் கோலம். பூஞ்சை. மறுநாள் கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். பிரித்துச் சுத்தம் செய்ததில் நூல் போனது, ஆனால் அது கண்ணாடிப் பூச்சை அரித்த தடம் போகவில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் இன்றைக்கும் படத்தில் ஒரு பால் படலம் விழுகிறது.

அதனால் டார்ச் இல்லாமல் லென்ஸ் பார்க்கப் போகாதீர்கள். அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் போகிற வாசல்) முழுதாகத் திறந்திருக்க வேண்டும். முன்னிருந்தும் பின்னிருந்தும், நேராக அல்லாமல் சாய்த்துப் பாருங்கள். நாலைந்து தூசு தெரிந்தால் கவலை வேண்டாம், எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. நூல்போல் கிளைவிட்ட எதுவும், மூச்சு ஊதினதுபோல் மூட்டமாக இருக்கும் எதுவும் வேண்டாம். 'லேசான ஃபங்கஸ்தான் சார், துடைத்தால் போய்விடும்' என்று சொன்னால் அவர்களையே துடைத்துத் தரச் சொல்லுங்கள், அதன் பிறகு பேசலாம்.

அடுத்தது படம் எடுத்துப் பார்ப்பது. உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு செய்தித்தாள் விரிப்பைச் சுவரில் நேராக ஒட்டி, கேமராவை அதற்கு நேர் எதிரே அசையாமல் வைத்து, லென்ஸை முழுதும் திறந்து எடுங்கள். நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது லென்ஸின் குணம். ஒரு பக்கத்து எழுத்து தெளிவாகவும் எதிர்ப்பக்கத்து எழுத்து கலங்கியும் வந்தால், கேமராவைச் சரியாக நிறுத்தி இன்னொரு முறை எடுங்கள். அப்போதும் அப்படியே வந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். மவுண்ட் (கேமராவோடு இணையும் இடம்) திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஏன் என்று கேளுங்கள்.

பாடியும் வாங்குவதாக இருந்தால் இரண்டு சோதனை போதும். எஃப் 16 வைத்து வானத்தை எடுங்கள், சென்ஸார் அழுக்கு கரும்புள்ளிகளாகத் தெரியும். அப்புறம் ஷட்டர் எண்ணிக்கை. நிகானில் அது படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும். டி750-இன் ஷட்டரை 1,50,000 முறைக்குச் சோதித்திருப்பதாக நிகான் சொல்கிறது. ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

பாதுகாப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை. ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. உள்ளே 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் செய்ய வேண்டாம். அரிசி போட்டு வைக்காதீர்கள், அதன் தூசும் மாவும் உள்ளே போகும். பீரோவில் துணிகளோடு வைத்தால் அந்துருண்டை ஆவி கண்ணாடியில் படியும். தோல் பையிலும் வைக்காதீர்கள், ஈரத்தை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கடற்கரையிலிருந்து வந்தால் மெல்லிய ஈரத்துணியால் வெளிப்பாகத்தைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே டப்பாவில் வையுங்கள். வாரம் ஒருமுறையாவது எடுத்துப் படம் எடுங்கள். இருட்டில் மாதக்கணக்கில் கிடக்கிற லென்ஸைத்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

கேள்வி: கேனான் ஆர்பி வாங்கியிருக்கிறேன். 24-105 எஃப் 4 எல் உட்பட, பழைய டிஎஸ்எல்ஆருக்கான ஈஎஃப் லென்ஸ்களை விற்றுவிட்டு, புது மிரர்லெஸ் வகையான ஆர்எஃப் லென்ஸ் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். – கோயம்புத்தூர் வாசகி

பதில்: அவசரப்பட வேண்டாம். பழைய லென்ஸை ஆர்பி-யில் மாட்ட உதவும் ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் இடைவெளியும் மின் இணைப்பும்தான். அதனால் படத்தின் தரம் குறையாது, ஆட்டோஃபோகஸும் நன்றாக ஓடும். உங்களிடம் இருக்கிற 24-105 எஃப் 4 எல் லென்ஸை இப்போது விற்றால் கிடைக்கிற பணமும், அதற்கு ஈடான ஆர்எஃப் லென்ஸின் விலையும் எட்டாத தூரத்தில் இருக்கும். எடையும் நீளமும் உறுத்தினால் மட்டும் மாற்றுங்கள். ஈஎஃப்-எஸ் என்று எழுதிய, சின்ன சென்ஸாருக்குச் செய்த லென்ஸ் இருந்தால் அது வேறு கதை. ஆர்பி-யின் 26 மெகாபிக்சல் அதில் பத்தாகச் சுருங்கும். அதை விற்றுவிடலாம்.

கேள்வி: ஒரே கேமரா, ஒரு இணையக் கடையில் முப்பதாயிரம் குறைவு. 'இம்போர்ட்டட் பீஸ், கடை வாரண்டி' என்கிறார்கள். வாங்கலாமா? – திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம் என்பேன். 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில், இந்தியாவில் செல்லும் நிறுவன வாரண்டி இரண்டும் இல்லாத இடத்தில்தான் பெரும்பாலும் அந்த முப்பதாயிரம் குறைகிறது. கடை வாரண்டி என்பது அந்தக் கடை இருக்கிற வரைதான். வாங்கும் முன் 'நிறுவனத்தின் இந்திய வாரண்டியா, ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் வருமா' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பில்லோடு வாங்கியும் ஏமாற்றம் நேர்ந்தால் வழி இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது ஒட்டிய சீலிலிருந்து சீரியல் எண் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: 24 மெகாபிக்சல் போதுமா, 45 வேண்டுமா? – வேலூர் வாசகர்

பதில்: நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம். அதை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்கத் தேவைப்படுவது 19 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். வீட்டு 4கே டிவிக்கு எட்டு போதும். பறவையைத் தூரத்திலிருந்து எடுத்து வெட்டிப் பெரிதாக்குகிற பழக்கம் இருந்தால் 45 உதவும். இல்லையென்றால் 24 எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் ஒரு 85 எஃப் 1.8 வாங்குங்கள். வாங்கும்போது டார்ச் எடுத்துப் போங்கள்.