நண்பர் வீட்டு விருந்துக்குத் துப்பாக்கியோடு போகலாமா?

டெக்சாஸில் லைசென்ஸ் வைத்திருக்கிறேன், வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இடுப்பில் துப்பாக்கியோடு விருந்துக்குப் போனால் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி தவறில்லை. நானும் அப்படிப் போனவன்தான்.

நீங்கள் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாக்காரர் இல்லை என்று நம்புகிறேன். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். நான் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வந்த பிறகே வாங்கினேன். அதற்குப் பதினோரு வருடம் காத்திருந்தேன். ஆண்டுதோறும் கொடுக்கும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்களே, மால்டாவுக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. என்னோடு சேர்ந்த பிரேசில்காரர் வீடு வாங்கிக் குடியேறியபோது நான் விசா புதுப்பிக்கக் கைரேகை கொடுத்துக்கொண்டிருந்தேன். போகட்டும்.

'துப்பாக்கிப் பைத்தியம்' என்று சொல்ல வருபவர்களுக்கு: கார்டு வந்ததும் வேலையை விட்டு மளிகைக் கடை வைத்தேன். ஒரு நாள் கடை மூடும் நேரத்தில் ஒருவன் என் நெற்றியில் துப்பாக்கியை வைத்துக் கல்லாவைத் துடைத்துக்கொண்டு போனான். அதன் பிறகுதான் வகுப்புக்குப் போனேன், 50 குண்டு சுட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன். 2021 செப்டம்பர் முதல் 21 வயதான பெரும்பாலோருக்கு அந்த லைசென்ஸும் தேவையில்லை. நான் விளையாட்டுக்குச் சுமப்பவன் இல்லை.

நவராத்திரியின்போது கடையிலிருந்து நேராக நண்பர் வீட்டுக் கொலுவுக்குப் போனேன். மேலே தொளதொள குர்தா, யாருக்கும் தெரியாது என்ற தைரியம். அவர்களுடைய ஐந்து வயது மகள் வழக்கம்போல ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நெற்றி 'ணங்' என்று இடித்தது. "மாமா, உள்ளே கல் வைத்திருக்கிறீர்களா?" என்றாள். போன் என்றேன். "போன் உங்கள் கையில் இருக்கிறதே!"

சுண்டல் கரண்டியோடு நின்றிருந்த அவளுடைய அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணா, கொஞ்சம் கராஜுக்கு வாருங்கள்."

உறையில் பத்திரமாக இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது என்று அடுக்கினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "முன்பே கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது தெரிந்துதானே கேட்கவில்லை?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள் என்று கடைகளில் ஓர் அங்குல எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை மாட்டுகிறார்கள். வீட்டுக்குப் பலகை வேண்டாம், வாய்ச்சொல் போதும். சொன்ன பிறகும் நகராமல் நின்றால் ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். நான் நிற்கவில்லை. வாசலில் ஒரு காகிதக் கிண்ணத்தில் சுண்டல் வந்தது. காரில் உட்கார்ந்து தின்றேன்.

அழைப்பு வந்தவுடன் கேட்டுவிடுங்கள். கேட்க நாக்கு கூசினால் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். விருந்தில் குடிப்பீர்கள் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், போதையில் சுமப்பது தனிக் குற்றம்.

அடுத்த நவராத்திரிக்கும் அழைப்பு வந்தது. அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "கடையிலிருந்து நேராக வர வேண்டாம் அண்ணா, வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்."