துணி சூடாக வருகிறது, ஆனால் ஈரம் போகவில்லை: டிரையரில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: எங்கள் வீட்டு டிரையரில் டிரம் நன்றாகச் சுழல்கிறது. துணிகளும் சூடாகவே வெளியே வருகின்றன. ஆனால் இடுப்புப் பட்டை, பை, தையல் மடிப்பு ஆகிய இடங்களில் ஈரம் அப்படியே நிற்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், ஹீட்டரையும் கன்ட்ரோல் போர்டையும் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். துணி சூடாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹீட்டர் எரிந்துபோயிருந்தால் துணி குளிர்ந்துதான் வந்திருக்கும். சூடு, துணியிலுள்ள நீரை ஆவியாக்கும் வேலையை மட்டுமே செய்கிறது. அந்த ஆவியை டிரம்மிலிருந்து வெளியேற்றுவது காற்று. காற்று தடைபட்டால், எவ்வளவு சூடு இருந்தாலும், துணி தன் ஆவியிலேயே வெந்துகொண்டிருக்குமே தவிர உலராது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். தானியங்கி முறையில் வைக்கும்போது இயந்திரம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே நின்றுவிடுகிறதா, அல்லது நெடுநேரம் ஓடியும் துணி ஈரமாக இருக்கிறதா? சீக்கிரம் நின்றால், அதே அளவு ஈரத்துணியை, நேரத்தை நாமே குறிக்கும் முறையில் ஓட்டிப் பாருங்கள். அதில் துணி முழுமையாக உலர்ந்துவிட்டால் ஹீட்டரிலும் குறையில்லை, காற்றிலும் குறையில்லை; ஈரத்தை அளக்கும் சென்சார் ஏமாறுகிறது என்று பொருள். டிரம்மின் உட்புறம், பெரும்பாலும் கதவையோ ஃபில்டரையோ ஒட்டி, இரண்டு சிறிய உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி இரண்டின் மீதும் படும்போது மிகச் சிறிய மின்னோட்டம் செல்லும். அது குறைந்தால் துணி உலர்ந்துவிட்டது என்று இயந்திரம் முடிவு செய்யும். துணியை மென்மையாக்கும் திரவமும் வாசனைத் தாள்களும் அந்தப் பட்டைகளின் மீது கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் போலப் படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். போர்டு பழுது என்று சொல்லப்படும் பல இயந்திரங்களுக்குத் தேவைப்படுவது இந்த ஒரு துடைப்புதான். இந்த எளிய பராமரிப்பை இயந்திரத்தின் முகப்பிலேயே அச்சிட்டு ஒட்டாமல், எவரும் படிக்காத கையேட்டின் கடைசிப் பக்கங்களில் புதைத்து வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நெடுநேரம் ஓடியும் ஈரம் போகவில்லையென்றால், காற்றின் பாதையைப் பாருங்கள். ஃபில்டரில் பஞ்சுத்தூளை நீக்கியபின் அதன் வலையின் மேல் சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் உடனே வடியாமல் தேங்கினால், பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் அந்த வலை அடைபட்டிருக்கிறது. சோப்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். அடுத்து, இயந்திரம் ஓடும்போது காற்று வெளியேறும் வாயில் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்று வேகமாக வர வேண்டும். மெதுவாக வந்தால் குழாயில் பஞ்சு அடைத்திருக்கும், அல்லது இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் குழாய் நசுங்கியிருக்கும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும். எரிவாயுவில் இயங்கும் வகையானால் நீங்களாக நகர்த்த வேண்டாம். பிளாஸ்டிக் குழாயோ, மடிப்பு மடிப்பான மெல்லிய ஃபாயில் குழாயோ இருந்தால், உட்புறம் வழவழப்பான உலோகக் குழாயாக மாற்றுங்கள். நீங்கள் செலவழித்தே ஆக வேண்டுமென்றால், அந்தச் செலவு இதற்காக இருக்கட்டும்.

இனி மெக்கானிக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்று அடைபடும்போது ஹீட்டரைச் சுற்றி வெப்பம் அளவுக்கு மீறி ஏறும். உடனே பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்துவிடும். ஆறியதும் ஹீட்டர் மீண்டும் இயங்கும். அணைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் பார்த்துவிட்டு "ஹீட்டர் போய்விட்டது" என்று சொல்வது எளிது. புது ஹீட்டரைப் போட்டாலும் அடைப்பு அப்படியே இருப்பதால், அதே ஈரம் திரும்பவும் வரும். இதைவிடக் கொடியது, வெப்பம் மீறியதால் அறுந்த தெர்மல் ஃபியூஸை மாற்றாமல், இரண்டு கம்பிகளையும் நேராக இணைத்துவிட்டுப் போவது. இயந்திரம் அன்றைக்கு ஓடும். ஆனால் பஞ்சுத்தூள் நிறைந்த பெட்டிக்கும் தீக்கும் நடுவே இருந்த கடைசிக் காவல் போய்விடும். எவராவது இதைச் செய்ய முன்வந்தால் உடனே வெளியே அனுப்பிவிடுங்கள். விற்ற பாகத்தின் மீது கமிஷன் கொடுத்து ஆட்களை அனுப்பும் ஏற்பாடு இருக்கும் வரை, குழாயைச் சுத்தம் செய்யச் சொல்வதால் வருமானம் இல்லாத ஒருவர் அதை ஏன் சொல்லப்போகிறார்?

சில வகை இயந்திரங்களுக்கு நான் மேலே சொன்ன குழாய் பற்றிய பகுதி பொருந்தாது. உதாரணமாக, ஹீட் பம்ப் டிரையருக்கு வெளியேற்றும் குழாயே கிடையாது. அதில் ஈரக் காற்று முதலில் ஒரு குளிர்ந்த சுருளைக் கடந்து நீரை அங்கே விட்டுவிட்டு, பின் சூடான சுருளைக் கடந்து மீண்டும் டிரம்முக்கே திரும்புகிறது. வெப்பநிலை குறைவாக இருப்பதால் துணி கொதிக்கக் கொதிக்க வராது, நேரமும் அதிகம் எடுக்கும். இவை இரண்டும் பழுதல்ல. அதில் ஈரம் தங்கினால், நீர்த்தொட்டி நிறைந்திருக்கிறதா என்றும், ஃபில்டரைத் தாண்டிய பஞ்சு சுருளின் மெல்லிய தகடுகளில் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தகடுகளைத் திறந்து பார்க்க வழி இருந்தால், அவை நிற்கும் திசையிலேயே மென்மையான பிரஷ்ஷால் தடவ வேண்டும். கத்தியோ கம்பியோ படக்கூடாது, வளைந்த தகடு மேலும் காற்றைத் தடுக்கும். சில மாடல்களில் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று சொல்லி அந்தப் பகுதியை மூடியே வைத்திருக்கிறார்கள். அடைத்துக்கொண்டால் வாங்கியவரால் கைவைக்கவே முடியாது. வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வாஷிங் மெஷினிலிருந்து எடுக்கும்போதே துணியைப் பிழிந்தால் நீர் சொட்டுகிறதென்றால், குறை டிரையரில் இல்லை, வாஷிங் மெஷினின் சுழற்சியில் இருக்கிறது. படுக்கை விரிப்புகள் உருண்டையாகச் சுருண்டால் உள்ளே ஈரம் நிற்கும். பாதியில் நிறுத்தி உதறிப் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஈரம் நின்றால், அதே மெக்கானிக்கை அழைக்கலாம். ஆனால் ஹீட்டரை மீட்டர் வைத்து உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்; எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.