முதலில் தகவலைக் கேட்டு வாங்குங்கள், அப்புறம் கணக்கை மூடுங்கள்

கேள்வி: ஒரு இசை ஆப்பில் ஆறு வருடமாகச் சந்தா கட்டுகிறேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இந்த முறை புதுப்பிக்கப் போனபோது என் ஃபோனில் ஒரு விலை, என் நாத்தனார் ஃபோனில் அதே ப்ளானுக்கு ஏறக்குறைய பாதி விலை. நான் எந்தப் பாட்டைக் கேட்கிறேன், எந்த நேரத்தில் கேட்கிறேன் என்பதையெல்லாம் பார்த்துத்தான் எனக்கு விலையை ஏற்றியிருக்கிறார்கள். இத்தனை வருட நம்பிக்கைக்கு இதுதான் மரியாதையா? மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடப் போகிறேன். என் கணக்கையும் தகவல்களையும் உடனே அழிக்கச் சொல்லவும் போகிறேன்.

பதில்: சகோதரி, அந்தக் கடைசி வரியில் சொன்னதை மட்டும் இப்போது செய்யாதீர்கள்.

ஆறு வருட நம்பிக்கை, மரியாதை, மன உளைச்சல் மூன்றையும் மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் வழக்கு அதில் நிற்காது. ஒரே பொருளை இரண்டு பேருக்கு இரண்டு விலையில் விற்பது பெரும்பாலான இடங்களில் தன்னளவில் சட்டமீறல் இல்லை. வயதை வைத்துப் பிரித்தால் கதை வேறு. துணை தேடும் ஆப்பான டிண்டர் 30 வயதுக்குக் குறைந்தவர்களிடம் 9.99 அல்லது 14.99 டாலரும் மற்றவர்களிடம் 19.99 டாலரும் வாங்கியதாகத் தொடுத்த வழக்கை, 2018-ல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தொடர அனுமதித்தது. உங்களுக்கு அப்படி ஒரு பிடி இல்லை. உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: உங்கள் சொந்தத் தகவல் அந்த விலைக்குள் போனதா, போயிருந்தால் அதைச் சொன்னார்களா?

எந்த நாட்டிலிருந்து வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கணினியே தனிநபருக்கு ஏற்ப விலையை வைத்தால், வாங்குவதற்கு முன்பே அதைச் சொல்ல வேண்டும் என்பது 2022 மே மாதத்திலிருந்து அங்கே விதி. நியூயார்க்கில் 2025 சட்டம் விலையின் பக்கத்திலேயே அறிவிப்புப் போடச் சொல்கிறது, ஆனால் நடவடிக்கை எடுப்பது நீங்கள் அல்ல, மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல். இந்தியாவில் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தாலும், முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கோபத்தில் "என் தகவல் எல்லாவற்றையும் அழி" என்று எழுதிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. நிறுவனமும் சொன்னபடி அழித்துவிடும். எந்தத் தகவலை வைத்து விலை போட்டார்கள் என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். நிறுவனத்துக்கு எதிரான சாட்சியை நாமே கொளுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்ததுபோல. ஆகவே முதல் கடிதத்தில் உங்களைப் பற்றிய தகவல்களின் நகலையும், விலை எப்படி முடிவானது என்ற விளக்கத்தையும் கேளுங்கள். தொழில் ரகசியம் என்று மறுக்கலாம். ஆஸ்திரியாவில் மாதம் 10 யூரோ செல்பேசி ஒப்பந்தம் மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், அந்தச் சாக்கை மட்டும் சொல்லித் தப்ப முடியாது, புரியும்படி விளக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அது கடன் தகுதி மதிப்பீட்டைப் பற்றிய வழக்கு. சந்தா விலை அவ்வளவு பெரிய பாதிப்பில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும், அதற்குத் தயாராக இருங்கள்.

அடுத்து, உங்கள் ஃபோனிலும் நாத்தனார் ஃபோனிலும் பார்த்த அந்த இரண்டு விலைகள். நாத்தனார் புது வாடிக்கையாளரா? ஆம் என்றால் "அது அறிமுகச் சலுகை" என்ற ஒரே வரியில் உங்கள் வழக்கு படுத்துவிடும். உங்களைப்போலவே பழைய சந்தாதாரர், அதே ப்ளான், அதே நாள், அதே நாடு, அதே வகை ஃபோன் என்று ஒப்பிட ஆள் கிடைத்தால்தான் அது ஆதாரம். இதற்காகப் பொய்ப் பெயரில் கணக்குத் திறக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

இதற்கிடையில் புதிய விதிமுறைகள் திரையில் வந்தால் "சம்மதம்" அழுத்தும் முன் படித்து, படம் எடுத்து வையுங்கள். அதில் தகவலை விலைக்குப் பயன்படுத்த ஒப்புதலும் இருக்கலாம், வழக்கைக் கோர்ட்டுக்குப் போகாமல், தனியார் நடுவர் தீர்ப்புச் சொல்லும் நடுவர் மன்றத்துக்கு மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம்.

நேராகவே சொல்கிறேன், விலை வித்தியாசத்தைத் திருப்பித் தர முன்வந்தால் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போங்கள். சில மாத வித்தியாசத்துக்காக வக்கீல் கட்டணம் கட்டுவது உங்களுக்கு நஷ்டம். ஆனால் கையெழுத்துப் போடும் தாளில் "இனி எந்த அமைப்பிடமும் புகார் செய்ய மாட்டேன்" என்ற வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். தகவலின் நகல் கைக்கு வந்த பிறகு கணக்கை மூடுங்கள்.