பின்னணியிலிருந்து புதிய திரையைத் திறப்பது: கேள்வி பதில்

கேள்வி: உணவகங்களுக்கான ஆண்ட்ராய்டு ஆர்டர் செயலி ஒன்றை எழுதியிருக்கிறேன். ஆர்டர் வந்தவுடன் பின்னணியில் இயங்கும் சர்வீஸ் (திரையில்லாமல் வேலை செய்யும் பகுதி), ஆக்டிவிட்டியை, அதாவது செயலியின் ஒரு திரையைத் திறக்கும் ஸ்டார்ட் ஆக்டிவிட்டியை அழைக்கிறது. பழைய கைபேசியில் திரை திறக்கிறது. புதியவற்றில் எதுவும் நடப்பதில்லை. செயலி நின்றுபோவதும் இல்லை. தவறு எங்கே?

பதில்: 2019-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 முதல், கண்ணுக்குத் தெரியும் திரை எதுவும் இல்லாத செயலி தானாக ஆக்டிவிட்டியைத் திறப்பதை இயங்குதளம் தடுக்கிறது, சில விதிவிலக்குகளே உண்டு. தடுக்கும்போது எக்ஸெப்ஷன் (செயலியை நிறுத்தக்கூடிய பிழை) எதுவும் எழாததால்தான் பலர் நாள்கணக்கில் அலைகிறார்கள். கைபேசியின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டைப் பாருங்கள், பின்னணியிலிருந்து ஆக்டிவிட்டியைத் தொடங்கும் முயற்சி தடுக்கப்பட்டதாக, உங்கள் பேக்கேஜ் பெயருடன் ஒரு வரி இருக்கும். அறிவிப்பைக் காட்டியபடி இயங்கும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாக மாற்றினால் சரியாகும் என்று எண்ண வேண்டாம். அது மட்டும் இயங்குவது இந்த அனுமதியைப் பெற்றுத் தராது.

இந்தத் தடை நியாயமானது என்பதே என் கருத்து. ஒருவர் வங்கிச் செயலியில் தொகையை உள்ளிட்டு, உறுதிசெய்யும் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோகும் நொடியில் வேறொரு திரை மேலே வந்து நின்றால், அவர் எதை அழுத்தினார் என்பது அவருக்கே தெரியாது. ஆகவே, முக்கியத்துவம் உயர்வாக வைக்கப்பட்ட சேனலில் (அறிவிப்பு வகையில்), ஒலியுடன் கூடிய அறிவிப்பை அனுப்புங்கள். அதைத் தட்டினால் ஆர்டர் திரை திறக்கும்படி பென்டிங் இன்டென்டை (பிறகு நிறைவேற்றும்படி இயங்குதளத்திடம் தரும் கோரிக்கையை) இணையுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்கும் பயனரின் அனுமதி தேவை என்பதால், அதை முன்கூட்டியே, காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: என் கைபேசியில் பின்னணியிலிருந்து நேரடியாகத் திறக்கும் முறையே சரியாக இயங்குகிறது. வாடிக்கையாளர்களிடம்தான் இயங்குவதில்லை. எப்படி?

பதில்: இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ஆக்டிவிட்டியைத் திறந்த அல்லது முடித்த சில விநாடிகளுக்குச் செயலிக்குச் சலுகை உண்டு. நாம் செயலியை மூடியவுடனே சோதிப்பதால் திரை திறந்துவிடுகிறது. நான் சோதித்த கைபேசியிலோ, மற்றச் செயலிகளின் மேல் காட்டும் அனுமதியை வேறொரு வேலைக்காக முன்பே கொடுத்து மறந்திருந்தேன். அதுவும் ஒரு விதிவிலக்கு. அந்த அனுமதியை நீக்கி, கைபேசியைப் பூட்டி, சில நிமிடங்கள் கழித்துச் சோதித்தபோதுதான் உண்மை நிலை தெரிந்தது.

கேள்வி: அறிவிப்பு வந்ததும் திரையை முழுதாகத் திறக்கும் முழுத்திரை இன்டென்டைப் பயன்படுத்தினேன், மேலே சிறு பட்டையாக மட்டுமே வருகிறது.

பதில்: பயனர் கைபேசியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அப்படித்தான் வரும், திரை பூட்டியிருக்கும்போதே முழுமையாக விரியும். ஆண்ட்ராய்டு 14 முதல், அழைப்பு அல்லது அலாரச் செயலிகளுக்கே இந்த அனுமதி இயல்பாகக் கிடைக்கும். மற்றவர்கள் நோட்டிஃபிகேஷன் மேனேஜரின் கேன் யூஸ் ஃபுல் ஸ்கிரீன் இன்டென்டை அழைத்துச் சரிபார்த்து, இல்லையெனில் பயனரை அமைப்புகள் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: அறிவிப்பைத் தட்டினால் பிராட்காஸ்ட் ரிசீவர் (செய்தி வந்ததும் இயங்கும், திரையில்லாத பகுதி) இயங்குகிறது, ஆனால் அது திறக்க வேண்டிய திரை வரவில்லை.

பதில்: ஆண்ட்ராய்டு 12-ஐயோ அதற்குப் பிந்தையதையோ இலக்காகக் கொண்ட செயலிகளில், அறிவிப்பைத் தட்டியதும் இயங்கும் ரிசீவரோ சர்வீஸோ இடையில் நின்று ஆக்டிவிட்டியைத் திறக்க முடியாது. பென்டிங் இன்டென்டை நேரடியாக ஆக்டிவிட்டிக்கே அமையுங்கள். ரிசீவரில் செய்துவந்த பதிவு வேலையை அந்தத் திரை திறந்தபின் செய்யுங்கள்.

கேள்வி: அப்ளிகேஷன் கான்டெக்ஸ்டிலிருந்து (எந்தத் திரையையும் சாராத, செயலி முழுமைக்குமான சூழலிலிருந்து) ஸ்டார்ட் ஆக்டிவிட்டியை அழைத்தால் செயலி நின்றுவிடுகிறது.

பதில்: இன்டென்டில் (எந்தத் திரையைத் திறப்பது என்ற கோரிக்கையில்) நியூ டாஸ்க் கொடி என்ற குறியைச் சேருங்கள். இது கான்டெக்ஸ்ட் பற்றிய விதி. கொடியைச் சேர்ப்பதால் பின்னணித் தடை நீங்காது.

கேள்வி: பதிவிறக்கம் முடிந்ததும் அடுத்த திரைக்குப் போக, பின்னணி வேலைகளுக்கான பழைய வசதியான ஏசிங்க் டாஸ்க்கைப் பயன்படுத்துகிறேன். தொடரலாமா?

பதில்: அது ஆண்ட்ராய்டு 11-இலேயே கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. பதிவிறக்கம் நடக்கும்போது பயனர் கைபேசியைத் திருப்பினால் பழைய ஆக்டிவிட்டி அழிந்து புதியது உருவாகும். டாஸ்க்கோ பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். வேலையை வியூமாடலில் (திரை திரும்பினாலும் அழியாத பகுதியில்) கோரூட்டினாக (திரையை முடக்காமல் நடக்கும் வேலையாக) நடத்தி, முடிந்தது என்ற நிலையை மட்டும் அங்கே வையுங்கள். ஆக்டிவிட்டி கண்முன் இருக்கும்போது அந்த நிலையைக் கவனித்து அடுத்த திரையைத் திறக்கட்டும். பயனர் வெளியே போயிருந்தால், திரும்பி வரும்போது திறக்கும்.