கட்டாக்காலி மாடும் எரியாத விளக்கும்: யாரைக் கேட்பது?

கேள்வி: ஐயா, எங்களது மட்டக்களப்பு – கல்முனை வீதியோரக் கிராமம். பெரும்போக நெற்செய்கை தொடங்கிவிட்டால் இரவில் வீதி முழுக்க மாடுதான். வீதி விளக்குகளில் பாதி எரிவதில்லை. போன மார்கழியில் என் தங்கச்சியின் மகன் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, இருட்டில் படுத்திருந்த மாட்டில் மோதிக் கால் முறிந்துவிட்டது. மாடும் செத்துப்போயிற்று. மூன்றாம் நாள் மாட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, "என்ட மாட்டுக்குக் காசு தாங்க" என்று ஒன்றரை லட்சம் கேட்கிறார். அதற்குப் பிறகு ஊரில் ஒரு குழு அமைத்திருக்கிறோம். வீதியில் நிற்கும் மாடுகளின் காதுப்பட்டி இலக்கத்தையும், எரியாத விளக்கு எந்தக் கம்பத்தில் என்பதையும் கொப்பி ஒன்றில் எழுதி வருகிறோம். பிரதேச சபையிடம் போனால், அது ஆர்.டி.ஏ. (வீதி அபிவிருத்தி அதிகார சபை) வீதி என்கிறார்கள். ஆர்.டி.ஏ.யிடம் போனால், விளக்கும் மாடும் சபையின் பொறுப்பு என்கிறார்கள். பொடியன்மார் பொறுமை இழந்துவிட்டார்கள். மாடுகளைப் பிடித்துக் கட்டி ஏலம் விடலாம், பள்ளிக்கூட ஒழுங்கையில் நாங்களே சீமெந்தில் வேகத்தடை போடலாம் என்று நிற்கிறார்கள். சட்டப்படி எதைச் செய்யலாம்?
— கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: முதலில் அந்த மாட்டுக்காரருக்கு உங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். கட்டாக்காலி மாட்டு வழக்குகளில் எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: மாடு யாருடையது? விபத்து நடந்த இரவில் எந்த மாட்டுக்கும் உரிமையாளர் இருப்பதில்லை. காதுப்பட்டியைக் கூட யாராவது அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே அவரே வாசலுக்கு வந்து "என்ட மாடு" என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை வீணாக்காதீர்கள். எந்தத் திகதியில், யார் முன்னிலையில், எவ்வளவு கேட்டார் என்பதை அங்கே நின்றவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி, ஒப்பம் வாங்கி வையுங்கள். விபத்து பற்றிப் பொலிஸில் முறைப்பாடு பதிவாகியிருந்தால், இதையும் ஒரு மேலதிக வாக்குமூலமாகக் கொடுங்கள்.

பணம் கொடுக்க வேண்டுமா? கேட்டதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை. வாகனம் ஓடும் வீதி என்று தெரிந்தும் இரவில் மாட்டை அவிழ்த்துவிடுவது கவனயீனம். அதனால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் நட்டஈடு கேட்க நம் பொதுச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே இங்கே காசு கேட்கும் உரிமை முதலில் மருமகனுக்குத்தான். ஆனால் அவர் பக்கத்தையும் நீதிமன்றம் பார்க்கும்: என்ன வேகத்தில் வந்தார், முன்விளக்கு எரிந்ததா, தலைக்கவசம் இருந்ததா. இரு பக்கமும் பிழை இருந்தால், 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிழையின் அளவுக்கு ஏற்ப நட்டஈடு குறைக்கப்படும். வழக்குப் போட விபத்து நாளிலிருந்து இரண்டு வருடமே அவகாசம். "கால் சுகமாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்து காலம் கடந்து வந்தவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

அதற்கு முன், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். சட்டம் குறித்திருக்கும் தொகைக்கு உட்பட்ட பிணக்கு என்றால், மத்தியஸ்த சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. எனக்கு வருமானம் இல்லாத இடம்தான், ஆனாலும் ஒரே ஊருக்குள் நடந்த இப்படியான விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வைத்தியசாலைத் துண்டுகள், மருந்துக் கடைப் பற்றுச்சீட்டுகள், வேலைக்குப் போகாத நாட்களுக்கான சம்பளக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

இனி ஊர் விஷயம். சபையும் ஆர்.டி.ஏ.யும் பந்து விளையாடுவது பழைய விளையாட்டு. உங்கள் ஊர் வீதியான ஏ4 என்பது கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று சுற்றி மட்டக்களப்புக்கு வரும் பெருந்தெரு. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. மிச்ச ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையினுடையவை. தாரும் வெள்ளைக் கோடும் ஆர்.டி.ஏ.யின் வேலை என்பது சரி. ஆனால் தார் யாருடையது என்பது வேறு, அதன்மேல் படுத்திருக்கும் மாடு யார் பொறுப்பு என்பது வேறு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றையும் மக்களின் வசதியையும் நலனையும் பார்க்கும் கடமையைச் சபையிடம் ஒப்படைக்கிறது. வீதி விளக்கைப் பராமரிப்பதும், கட்டாக்காலி மாட்டைப் பிடித்து அடைத்துத் தண்டம் அறவிடுவதும், யாரும் உரிமை கோராவிட்டால் விற்பதும் உள்ளூராட்சி மன்றங்கள் செய்து வரும் வேலைகள். ஆர்.டி.ஏ. உங்களுக்குச் சொன்ன பதிலில் எனக்குப் பிழை தெரியவில்லை.

பொடியன்மாரின் கோபம் நியாயமானது, யோசனைகள் ஆபத்தானவை. மாட்டைப் பிடிக்கும் அதிகாரம் சபைக்கும் அதன் உத்தியோகத்தர்களுக்கும் உரியது. வயலுக்குள் புகுந்த மாட்டைக் காணிக்காரர் பிடித்துக் கட்டிக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவிக்கலாம், அதற்கு 1876 ஆம் ஆண்டின் மாட்டு அத்துமீறல் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வீதியில் நிற்கும் மாட்டுக்கு அதைப் பொருத்த முடியாது. நீங்கள் பிடித்து ஏலம் விட்டால், மறுநாள் காலையில் மாட்டுக்காரர் பொலிஸில் சொல்லப்போவது "களவு" என்ற ஒரு சொல்தான். கயிறு இறுகி ஒரு கன்று செத்தால் மிருகவதைக் குற்றமும் சேரும். சபை மாடு பிடிக்க வரும் இரவில் ஆட்பலம் தேவை என்றால், உங்களை உதவிக்கு அழைப்பதாக ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

வேகத்தடை அதைவிட மோசம். நிறம் பூசாத, பலகை வைக்காத ஒரு சீமெந்துத் திட்டு இருட்டில் என்ன செய்யும் என்பதற்கு உங்கள் வீட்டிலேயே ஒரு முறிந்த கால் இருக்கிறது. அதில் ஒரு முச்சக்கரவண்டி கவிழ்ந்தால், மாட்டுக்காரர் இன்று நிற்கும் இடத்தில் சீமெந்து குழைத்தவர்கள் நிற்பார்கள். கவனயீனத்தால் காயம் விளைவித்ததாகக் குற்ற வழக்கும் வரலாம். ஒழுங்கை சபையினுடையது என்றால், பாடசாலை அதிபரின் கடிதத்தையும் சேர்த்துச் சபையிடமே கேளுங்கள்.

மாட்டின் கழுத்தில் ஒளி தெறிக்கும் பட்டி கட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உரிமையாளரின் சம்மதத்தோடு செய்தால் அதில் சட்டச் சிக்கல் இல்லை. விதைப்புக் காலத்தில் வயலிலிருந்து மாட்டைக் கிளப்பினால் அதற்குப் போக்கிடம் இல்லை, மழையில் காய்ந்து கிடப்பது தார் மட்டும்தான். கடலோரப் பக்கமான எழுவான்கரையில் மேய்ச்சல் தரை எங்கே மிச்சம் இருக்கிறது என்று மாட்டுப் பட்டிக்காரர்கள் கேட்பதிலும் உண்மை இருக்கிறது. அவர்களில் இரண்டு பேரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவிலுக்கு நேர்ந்துவிட்ட மாடுகளும் கொப்பியில் இருந்தால், கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரைச் சந்தித்துப் பேசுங்கள். அந்த மாடுகளுக்கு யார் பொறுப்பு என்று நீதிமன்றத்தில் வாதாடத் தொடங்கினால், ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும்.

உங்கள் கையில் இருப்பதில் பெறுமதியானது அந்தக் கொப்பிதான். திகதி, நேரம், எந்தக் கடைக்கு எதிரே, எத்தனை மாடு, காதுப்பட்டி இலக்கம் என்று ஒவ்வொரு வரியும் இருக்கட்டும். எழுதியவர் அன்றே கையொப்பம் இடட்டும், தொலைபேசியில் ஒரு படமும் எடுக்கட்டும். ஒரு மாதப் பதிவைப் பிரதி எடுத்து, சபைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். பிரதேச செயலாளர், கால்நடை வைத்திய அலுவலகம், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஆகியோருக்கும் பிரதி போகட்டும். தமிழில் எழுதினால் போதும், தமிழிலேயே பதில் தர வேண்டும். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார். அவரைக் கொண்டு சபையில் பிரேரணை ஒன்றும் கொண்டுவரச் செய்யுங்கள்.

கூடவே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகள் என்றால் குழுவின் பெயரிலேயே கேட்கலாம். மூன்று கேள்விகள் போதும்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை மாடு பிடிக்கப்பட்டது, எவ்வளவு தண்டம் வந்தது? வீதி விளக்குத் திருத்தத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது? மாடு தொடர்பான உபவிதியின் பிரதி எங்கே? 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும், அதன்பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு உண்டு. "பூச்சியம்" என்று பதில் வந்தால் கவலைப்படாதீர்கள். நான் வழக்காட விரும்பும் பதில் அதுதான்.

அதையும் தாண்டி அசையவில்லை என்றால் இரண்டு கதவுகள். ஒன்று நீதவான் நீதிமன்றம்: 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு, பொதுப் பாதையில் உள்ள தொல்லையை அகற்றும்படி நிபந்தனைக் கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. ஒரே ஆளின் மாடுகள் தொடர்ந்து வருகின்றன என்று கொப்பி காட்டினால், இதைப் பொலிஸ் ஊடாக முயன்று பார்க்கலாம். மற்றது மாகாண மேல் நீதிமன்றத்தில் சபைக்கு எதிரான ஆணையீட்டு எழுத்தாணை, அதாவது கடமையைச் செய் என்று சபைக்கு நீதிமன்றம் இடும் கட்டளை. அங்கே "எல்லா விளக்கையும் போடு" என்று கேட்காதீர்கள். "நிதி இல்லை" என்று சபை சொன்னால் நீதிமன்றம் தயங்கும். மாடு பிடிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தும்படி மட்டும் குறுக்கிக் கேட்டால் நிற்கும். நீங்கள் கேட்டு அவர்கள் மறுத்ததற்கான எழுத்து இல்லாமல் அந்த மனு நகராது, பதிவுத்தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்வது அதற்காகத்தான். செலவுக்கு வழி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை உங்கள் கடிதத்தில் காணவில்லை. விபத்து நடந்த நேரம் மருமகனிடம் சாரதி அனுமதிப்பத்திரமும் செல்லுபடியான காப்புறுதியும் இருந்தனவா? மத்தியஸ்த சபையில் மாட்டுக்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். போகுமுன் இரண்டினதும் பிரதிகளை எனக்கு அனுப்பிவையுங்கள்.