குறைந்தபட்சத் தொகை கட்டுபவருக்குக் காபி இயந்திரம் எதற்கு?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மாதம் 68,000 ரூபாய் வருகிறது. காலையில் டிகாஷன் இறங்கும் வரை காத்திருக்க முடிவதில்லை. 24,000 ரூபாய்க்கு ஒரு கேப்ஸ்யூல் காபி இயந்திரம் வட்டியில்லாத் தவணையில் கிடைக்கிறது, மாதம் 2,000. ஒரு கோப்பைக்கான தூள் அடைத்த கேப்ஸ்யூல் 55 ரூபாய். கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி இருக்கிறது. அதில் 35,000 கொழுந்தனாரின் செல்போனுக்கானது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். மகள் படிப்புக்காக 80,000 டெபாசிட் போட்டிருக்கிறோம். இயந்திரம் வாங்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: 'தவறாமல் கட்டிவிடுகிறேன்' என்ற இடத்தில்தான் எனக்குக் கவலை பிடித்தது. கணக்கைப் பாருங்கள். 60,000-க்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால் 2,100 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 378. பாக்கியில் ஐந்து சதவீதம் என்று நீங்கள் கட்டுவது 3,000. அசலில் கழிவது ஐந்நூறு சொச்சம்தான். பழைய பாக்கி நிற்கும் வரை, அந்தக் கார்டில் வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

டெபாசிட்டை உடைக்க மனம் வராது, புரிகிறது. ஆனால் அதில் 60,000 ரூபாய் ஆண்டுக்கு 4,000 சம்பாதித்துத் தருகிறது என்றால், கார்டில் அதே தொகை 25,000-க்கு மேல் தின்கிறது. மகளின் பணத்தைக் கரைப்பது இந்தக் கார்டுதான். இந்த வாரமே டெபாசிட்டை முடித்துப் பாக்கியை முழுவதும் கட்டுங்கள். அடுத்த பில்லில் சில நாள் வட்டி பாக்கியாக வரும், அதையும் விடாமல் கட்டிவிடுங்கள். பிறகு அந்த 3,000-ஐ மாதாமாதம் மகள் கணக்கில் போடுங்கள். கொழுந்தனாரிடம் கணவரே பேசட்டும். 35,000 வந்துவிட்டால் எட்டு ஒன்பது மாதத்தில் டெபாசிட் பழையபடி நிறைந்துவிடும். இனி யாருக்காகவும் உங்கள் கார்டைத் தேய்க்காதீர்கள்.

வட்டியில்லாத் தவணை என்பதை நம்ப வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வங்கி போடும் வட்டியைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியாகக் கழிப்பார். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

ஆனால் தவணையைவிடக் கேப்ஸ்யூல்தான் பெரிய செலவு. நாளைக்கு நான்கு கோப்பை என்றால் 220 ரூபாய், மாதம் 6,600. சிறிய கேப்ஸ்யூலில் இருப்பது ஐந்து கிராம் தூள். கிலோ 11,000 ரூபாய்க்குக் காபித்தூள் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்! நல்ல ஃபில்டர் தூள் கிலோ 800 என்றே வைத்துக்கொள்வோம். கோப்பைக்குப் பத்து கிராம் போட்டாலும் மாதம் ஆயிரத்தைத் தாண்டாது.

டிகாஷன் இறங்காததற்குப் பெரும்பாலும் ஃபில்டரின் துளைகள் அடைத்திருப்பதே காரணம். மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து அடுப்புத் தணலில் காட்டுங்கள். ஒட்டிய தூள் கருகி உதிரும். ஆறியதும் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், ஒவ்வொரு துளையும் தெரிய வேண்டும். தூளைப் போட்டு அழுத்தாமல் குடையை வைத்து, இரவு படுக்கும் முன் கொதிநீர் ஊற்றிவிடுங்கள். காலையில் பால் காய்ச்சுவது மட்டும்தான் வேலை.

மொத்த நிலுவை பூஜ்யம் என்று கார்டு பில் வந்து, டெபாசிட்டும் நிறைந்த பிறகும் இயந்திர ஆசை இருந்தால் மறுபடி எழுதுங்கள். கேப்ஸ்யூல் கேட்காத, கடையில் அரைத்த தூளையே போடும் வகையைப் பற்றி, ரொக்கத்துக்கு வாங்கும் கணக்கோடு பேசலாம்.